அறுபதில் மூன்று

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதற்பரிசில் எமக்குக் கிடைத்தது. பழமொழி நானூற்றின் முன்னிருநூறு வெண்பாக்களும் பின்னிருநூறு வெண்பாக்களும் ஒருவர் கைப்பட்டன அல்ல என்பதே அக்கட்டுரையின் துணிபு. முன்றுறையரையனார் என்னும் ஒருவர் பெயரால் வழங்கும் நூலை இருகூறாக்கி இருவர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கும் துணிவு பத்தொன்பது வயதில் எளிதாக வந்துவிடுகின்றது. யாம் அதனை வெறும் வாய்ப்பேச்சாகக் கூறிவிடவில்லை. ஏ, ஓ, மன், கொல், மற்று முதலிய இடைச்சொற்களும் சில விகுதிகளுமாக அறுபது உருவங்களைத் தெரிந்துகொண்டு, இருபகுதியிலும் அவை எத்துணை முறை வருகின்றன என்று கோடை விடுமுறை முழுவதும் எண்ணினோம். எண்ணியவற்றைக் கணிப்பொறியிலிட்டு நோக்கியபோது மூன்று உருவங்கள் தனித்து நின்றன. அவ்வேறுபாடு தற்செயலாய் நேர்தற்கு இருபதில் ஒரு பங்கினும் குறைந்த வாய்ப்பே உண்டு என்று கணக்குக் கூறிற்று. அம்மூன்றையும் கட்டுரையில் அட்டவணையாக்கினோம். மன்றத்தார் மகிழ்ந்தனர். கோயிற்பள்ளியில் ஆசிரியராயிருக்கும் எம் தந்தையார், வீட்டிற்கு வருவார்க்கெல்லாம் அக்கட்டுரையின் படியை எடுத்துக் காட்டினார்.

எஞ்சிய ஐம்பத்தேழு உருவங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. வஞ்சனையாக மறைத்தோமல்லோம். வேறுபடாதவற்றை எழுதிப் பயன் என்னை என்று கருதி விடுத்தோம். அவ்வளவே.

நிற்க. எம் விடுதியின் மேல்மாடத்தில் புள்ளியியல் முதுகலை பயிலும் அன்பர் ஒருவர் உறைகின்றார். எம்மினும் மூன்றாண்டு மூத்தவர்; ஊர்முறையில் எமக்கு அண்ணன். பரிசில் பெற்ற களிப்பில் கட்டுரையை அவரிடம் படிக்கக் கொடுத்தோம். அவர் உண்டிச்சாலையிலேயே அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, மொத்தம் எத்தனை சொல்லை எண்ணிப் பார்த்தாய்?” என்று வினவினார். “அறுபது, அண்ணா” என்றோம். “அறுபதை இருபதால் வகுத்தால் என்ன வரும்?” என்றார். அவ்வளவில் உணவு எமக்குச் செல்லவில்லை.

அவர் கூறியது இது. ஒன்று தற்செயலாய் நேர்தற்கு இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு என்றால், அதனை ஒருமுறை நோக்கியவன் வியப்படையலாம். அறுபது முறை நோக்கியவன் மூன்றுமுறை அகப்படும் என்று எதிர்பார்த்தே இருத்தல் வேண்டும். அறுபது உருவங்களும் ஒன்றையொன்று சாராதன என்று கொண்டால், நூல் முழுவதும் ஒருவரே பாடியதாயினும், ஒன்றேனும் நம் வலையிற் சிக்குதற்கு நூற்றில் 95 பங்கு வாய்ப்பு உண்டு. அறுபது முறை வலைவீசி மூன்று மீன் பிடித்தவன், மூன்றுமுறையே வீசினேன் என்று சொல்லிப் பரிசில் பெற்ற கதை எம் கதை. இது கூறிமுடித்தபின் அவர், “இதைப் பற்றியே ஒருவர் வாழ்நாளெல்லாம் எண்ணியிருக்கின்றார், படித்துப்பார்” என்று பன்னிரண்டு பக்கமுள்ள ஓர் ஆய்வுரையின் படியை எம் கையிற் கொடுத்தார். அதனை இயற்றியோர் இருவர். யோவாவ் பென்ஜமினி, யோசப் ஹாக்பெர்க் என்போர். இலண்டனிலுள்ள ராயல் புள்ளியியற் கழகத்தாரின் இதழில், பி வரிசையின் 57ஆம் தொகுதியில், 1995ஆம் ஆண்டு வெளிவந்தது அது.

குறியீடுகள் நிறைந்த இடங்களை அண்ணனிடம் பன்முறை கேட்டே விளங்கிக்கொண்டோம். இன்னும் விளங்காதனவும் உள. ஆயினும் அதனை இயற்றிய பென்ஜமினியின் வரலாறு எம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அவர் 1949ஆம் ஆண்டு பிறந்தவர். எருசலேமிலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் கற்று, அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டு புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்தார். ஹாக்பெர்க் அதே துறையில் முன்னரே பெயர் பெற்றவர். பல ஒப்பீடுகளை ஒருங்கே செய்யும் முறைகளைப் பற்றி அஜித் தம்ஹானே என்பாரோடு சேர்ந்து 1987ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதியவர். ஆய்வுரையை இக்காலத்தார் பெரும்பாலும் முதற்பெயரைக் கொண்டே சுட்டுதலால் இரண்டாமவர் பெயர் சற்று மறைந்து நிற்கின்றது. இதுவும் ஒரு வகை அநீதியே.

அவர்கள் கண்ட இடர்ப்பாடு யாது? இருபதில் ஒன்று என்னும் எல்லையை 1925ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் ரொனால்டு பிஷர் என்னும் ஆங்கிலேயர் எடுத்தாண்டபின் அஃது உலகெங்கும் வழக்காயிற்று. பல சோதனைகளை ஒருங்கே செய்வார்க்கு அவ்வெல்லை பொருந்தாது என்பதும் அறியப்படாததன்று. அதற்கு மருந்தாக இத்தாலியரான போன்பெரோனி என்பார் பெயரால் ஒரு முறை வழங்கிற்று. அறுபது சோதனை செய்தாயாயின், இருபதில் ஒன்று என்னும் எல்லையை அறுபதால் வகுத்து, ஆயிரத்திருநூற்றில் ஒன்றாக்கிக் கொள் என்பது அதன் கட்டளை. இதனால் ஒரு பொய்யும் நுழைதல் அரிது. ஆனால் மெய்யும் உடன் மாண்டுபோகும். கதவை இறுகச் சாத்தினால் கள்வனும் வாரான், விருந்தினனும் வாரான். எனவே ஆய்வாளர் பலர் அக்கதவைச் சாத்தாமலே விட்டனர்.

பென்ஜமினியும் ஹாக்பெர்க்கும் வினாவையே மாற்றினர். ஒரு பொய்யும் நுழையலாகாது என்று வேண்டுவதை விட்டு, கண்டுபிடித்தேன் என்று நீ அறிவிப்பவற்றுள் எத்தனை பங்கு பொய்யாயிருக்கலாம் என்று முன்னரே வரையறுத்துக்கொள் என்றனர். அப்பங்கிற்குப் பொய்க்கண்டுபிடிப்பு வீதம் என்று பெயரிடலாம். நூறு கண்டுபிடிப்புக்களை அறிவித்து, அவற்றுள் ஏறத்தாழ ஐந்து பொய்யாகலாம் என்று ஒப்புக்கொள்வோன் நேர்மையுள்ளவன். நூறும் மெய்யென்பவனை நம்பலாகாது. அவர்கள் வகுத்த வழி ஒரு பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடியது. சோதனைகளின் வாய்ப்பு மதிப்புக்களைச் சிறியது முதலாகப் பெரியது ஈறாக வரிசைப்படுத்துக. முதலாவதற்கு மிகக் கடிய எல்லை, இரண்டாவதற்கு அதன் இருமடங்கு, மூன்றாவதற்கு மும்மடங்கு, இவ்வாறு படிப்படியாக எல்லை தளர்ந்து செல்லும். தன் எல்லைக்குள் நிற்கும் கடைசி மதிப்பைக் கண்டு, அதுவும் அதற்கு முன்னுள்ளனவும் கண்டுபிடிப்பு எனக் கொள்க. முழுவதும் இவ்வளவே.

அவர்கள் காட்டிய உதாரணத்தை ஈண்டுக் கூறாமலிருக்க எமக்கு மனமில்லை. மாரடைப்புற்றார்க்கு இரத்தக்கட்டியைக் கரைக்கத் தரும் இரு மருந்துகளை ஒப்பிட்டு 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்றில் பதினைந்து ஒப்பீடுகள் இருந்தன. போன்பெரோனி முறைப்படி முதல் மூன்றே தேறின. நான்காவதன் மதிப்பு 0.0095. அதன் எல்லை பழைய முறைப்படி 0.0033, புதிய முறைப்படி 0.0133. எனவே நான்காவதும் தேறிற்று. அந்நான்காவது, மருத்துவமனையில் இறந்தோர் தொகை குறைந்ததைப் பற்றியது. ஏனைய மூன்றினும் நோயாளியின் வீட்டார் கேட்க விரும்புவது இதுவேயன்றோ?

இத்தகைய ஆய்வுரை வெளிவந்தவுடன் உலகம் எழுந்துநின்று வரவேற்றிருக்கும் என்று யாம் எண்ணினோம். நிகழ்ந்தது வேறு. அச்சேறுமுன் அஃது ஏறத்தாழ ஐந்தாண்டுக்காலம் இதழ்தோறும் அலைந்தது. ஏற்க மறுத்த இதழ்களும் உள. அச்சேறிய பின்னரும் சில காலம் அதனைப் பெரிதாகக் கொண்டாடினார் இல்லை.

அதன் வாழ்வை மாற்றியது உயிரியலிலிருந்து வந்தது. அதே 1995ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மார்க் ஷேனா, பாட்ரிக் பிரௌன் முதலியோர், சிறு கண்ணாடித் தகட்டின்மேல் மரபணுத் துணுக்குகளைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு மரபணுவும் எத்துணை ஊக்கத்தோடு தொழிற்படுகின்றது என்று ஒருங்கே அளக்கும் வழியை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். மைக்ரோ அரே என்பது அதன் பெயர். அவர்கள் அன்று அளந்தவை அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் 45 மரபணுக்கள். சில ஆண்டுகளுக்குள் அத்தொகை ஆயிரக்கணக்காயிற்று. மனிதவுடலில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. புற்றுநோயுற்ற திசுவையும் நலமுள்ள திசுவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு மரபணுவையும் இருபதில் ஒன்று என்னும் எல்லைகொண்டு சோதித்தால், யாதொரு வேறுபாடும் இல்லாதவிடத்தும் ஆயிரம் மரபணுக்கள் குற்றவாளிக்கூண்டில் ஏறும். யாம் அறுபது சொல்லில் செய்த பிழையை இருபதினாயிரத்தில் செய்தால் எவ்வாறிருக்கும்? ஒவ்வொரு பொய் மரபணுவின் பின்னும் ஓர் ஆய்வாளரின் ஆண்டுகளும் பொருளும் வீணாகும். நோயாளியின் நம்பிக்கையும் உடன் வீணாகும்.

உயிர்த்தகவலியல் என்று இன்று வழங்கும் துறைக்கு அப்போது வேண்டியிருந்த கருவி, ஏற்கெனவே அச்சாகி நூலகத்தில் தூசியேறிக் கிடந்தது. 2001ஆம் ஆண்டு பென்ஜமினி தம் மாணாக்கராயிருந்த டேனியல் யெகுதியேலி என்பாரோடு சேர்ந்து, சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பினும் அம்முறை எவ்வெவ்விடத்துச் செல்லும் என்று நிறுவினார். மரபணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தொழிற்படுவன ஆதலின் இது மிக வேண்டற்பாலதாயிருந்தது. 2003ஆம் ஆண்டு ஜான் ஸ்டோரி, ராபர்ட் டிப்ஷிராணி என்போர் இக்கருத்தை மரபணுத்தொகுதி ஆய்வுகளுக்கென விரித்தெழுதினர். மார்பகப் புற்றுநோயின் இருவகைக் கட்டிகளை ஒப்பிட்ட 3,170 மரபணுக்களுள் 160 மரபணுக்களை அவர்கள் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் ஏறத்தாழ எட்டு பொய்யாகலாம் என்பதையும் உடன் கூறினர். இந்த எட்டைப் படித்தபோது எமக்கு உண்டான வெட்கத்தை எங்ஙனம் உரைப்போம்! எம் மூன்றில் எத்தனை பொய்யென்று யாம் ஒருநாளும் கேட்டுக்கொண்டோமல்லோம்.

இடையே நகைப்பிற்கு ஒன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிலர், கடையில் வாங்கிய இறந்த சால்மன் மீனொன்றை மூளையை அளக்கும் பெருங்கருவிக்குள் கிடத்தி, மனிதர் படங்களைக் காட்டி, படத்திலுள்ளார் என்ன உணர்கின்றனர் என்று அம்மீனை வினவினர். பல சோதனைகளுக்குரிய திருத்தம் செய்யாதவிடத்துச் செத்த மீனின் மூளை சிந்திப்பதாகவே கணக்குக் காட்டிற்று. திருத்தியவுடன் சிந்தனை நின்றது. அவ்வாய்வுக்கு 2012ஆம் ஆண்டு நகைச்சுவை நோபல் பரிசில் கிடைத்தது. எம் கட்டுரையையும் அம்மீனையும் ஒரு தட்டில் வைக்கலாம் என்றார் அண்ணன்.

இனி மேற்கோளைப் பற்றிச் சில கூறல் வேண்டும். ஓர் ஆய்வுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் எடுத்துக்காட்டினர் என்று எண்ணும் வழக்கம், யூஜின் கார்பீல்டு என்பார் 1955ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலும் 1964ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையிலும் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழ், அதுகாறும் மிகுதியாக மேற்கோளான ஆய்வுரைகள் நூற்றை நிரல்படுத்திற்று. அந்நூற்றுள் பென்ஜமினி, ஹாக்பெர்க் ஆகியோரின் ஆய்வுரையும் ஒன்று. நிரலின் தலையில் நின்றது புரதத்தின் அளவைக் காணும் ஒரு முறை, 1951ஆம் ஆண்டினது. மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்ட 1953ஆம் ஆண்டு ஆய்வுரைக்கோ அந்நூற்றுள் இடமில்லை. உலகை வியப்பித்தவை அல்ல, நாடோறும் கையாளும் கருவிகளே மிகுதியாக எண்ணப்படுகின்றன. அம்மிக்கும் உரலுக்கும் கிடைக்கும் பெருமை இது; குறைத்துக் கூறினோமல்லோம்.

தமிழ் பயில்வார்க்கு மேற்கோள் என்பது வேறு பொருளும் தருகின்றது. வளையாபதி முழுமையாய் நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டும் உரையாசிரியர்களின் மேற்கோள்களும் காத்துவைத்த சில செய்யுட்களே நம் கையில் உள்ளன. யாப்பருங்கல விருத்தியை எடுத்தால், மூலம் அழிந்த நூல்களின் துணுக்குகள் பக்கந்தோறும் கிடக்கின்றன. ஒருவன் எடுத்துக்காட்டியதனாலேயே ஒரு நூல் பிழைக்கின்றது. மற்றொருபுறம், உரையாசிரியர் ‘என்றார் பிறரும்’ என்று எழுதி, அப்பிறர் யாவர் என்று கூறாமற் செல்வதும் உண்டு. யாவரும் அறிந்ததற்குப் பெயர் எதற்கு என்பது அவர் கருத்துப் போலும். அறிவியலிலும் இஃது உண்டென்பதை ராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியலார் 1968ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். ஒரு கருத்து எங்கும் கலந்துபோயின், அதனை முதற்கண் கூறியவன் பெயர் உதிர்ந்துவிடுகின்றது. இன்று ஆய்வாளர், கணிப்பொறிக்கு ஓர் ஏவல் இட்டு, திருத்திய மதிப்பு என்று ஒரு நிரலைப் பெற்று அட்டவணையில் ஒட்டிவிடுகின்றனர். பென்ஜமினியின் பெயரை எழுதாதாரும் பலர். எனவே எண்ணப்பட்ட மேற்கோள்கள் எத்துணைப் பலவாயினும், அவ்வாய்வுரை சென்றுசேர்ந்த இடம் அவற்றினும் அகன்றது. எண்ணப்பட்டவற்றுள்ளும் படித்துவிட்டு எழுதினார் எத்துணையர், பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதினார் எத்துணையர் என்பதை எவ்வட்டவணையும் காட்டாது.

இதனை எழுதும்போது எம் கை தயங்குகின்றது. எம் பரிசிற் கட்டுரையின் இறுதியில் இருபத்திரண்டு நூல்களின் பெயர்கள் உள. அவற்றுள் யாம் முதலிலிருந்து இறுதிவரை படித்தவை ஏழு. நான்கைப் புரட்டிப் பார்த்தோம். ஏனைய பதினொன்றை அவ்வேழு நூல்களின் பின்பக்கங்களிலிருந்து எடுத்துக் கோத்தோம்.

பென்ஜமினிக்கு 2012ஆம் ஆண்டு இஸ்ரேல் பரிசிலும், 2024ஆம் ஆண்டு யெகுதியேலி, ரூத் ஹெல்லர் என்போரோடு சேர்த்து ரூசோ புள்ளியியற் பரிசிலும் கிடைத்தன. பரிசில்களினும் எம்மைக் கவர்ந்தது அவர் பின்னாளில் மேற்கொண்ட உழைப்பு. எலிகளின் நடத்தையை ஓர் ஆய்வகம் அளந்து கண்டது மற்றோர் ஆய்வகத்திலும் மீண்டும் தோன்றுமா என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தார். உலகெங்கும் தம் முறை வழங்கத் தொடங்கியபின், அதுபோதும் என்று ஓய்ந்திராமல், பிறர் கையிலும் நிற்கின்றதா என்று கேட்டுக்கொண்டிருப்பது எளிதன்று.

அவர்தம் முறையை எம் அறுபதின்மேல் ஏற்றிப்பார்க்க ஓர் இரவு துணிந்தோம். எம் மூன்று மதிப்புக்கள் 0.012, 0.031, 0.044. அவற்றிற்குரிய எல்லைகளோ 0.0008, 0.0017, 0.0025. ஒன்றும் அணுகவுமில்லை, அவற்றின் பின்னின்ற ஐம்பத்தேழும் அவ்வாறே. அப்போதும் எம் மனம் முழுவதும் ஒப்பவில்லை. அண்ணன், “இனி ஒன்று செய். ஒற்றைப்படை எண்ணுள்ள வெண்பாக்களை ஒருபுறமும் இரட்டைப்படை எண்ணுள்ளவற்றை மறுபுறமும் வைத்து எண்ணு” என்றார். ஒன்றுவிட்டு ஒன்றாக இருவர் மாறிமாறிப் பாடினர் என்று பித்தனும் சொல்லான். விடியுமளவும் எண்ணினோம். நான்கு உருவங்கள் வேறுபட்டன.

மறுநாள் எம் பேராசிரியர் அறைக்குச் சென்றோம். வாயிலில் இருமுறை நின்று திரும்பியதை அவர் கண்டிருத்தல் கூடும். அறுபது வரிகள் கொண்ட தாளை அவர்முன் வைத்து, நிகழ்ந்ததனைத்தையும், பதினொரு நூல்களின் செய்தியையும் கூறி, பரிசிலாகப் பெற்ற நூலையும் மேசைமேல் வைத்தோம். அவர் தாளை நெடுநேரம் நோக்கினார். “இந்த ஐம்பத்தேழையும் நீ அன்றே எழுதியிருந்தால் உனக்குப் பரிசில் கிடைத்திராது” என்றார். பின்னர், “அது நடுவர்களாகிய எங்கள் பிழையும் ஆகும்” என்று கூறி, நூலை எம் பக்கம் தள்ளிவிட்டார். கட்டுரையின் படி நூலகத்தில் இருப்பதால், அத்தாளையும் நூற்பட்டியலின் திருத்தத்தையும் அதன் முகப்பில் ஒட்டிவைக்குமாறு பணித்தார். அன்று மாலையே ஒட்டினோம்.

தந்தையாருக்குக் கடிதம் எழுதுவது அதனினும் அரிதாயிருந்தது. நான்குமுறை எழுதிக் கிழித்தோம். அவர் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல், ஒரே ஒரு வினா எழுதியிருந்தார்: “அப்படியாயின் நானூறும் பாடியவர் ஒருவரே என்று தெளிந்துவிட்டதா?” வேறுபாடு காணப்படவில்லை என்பதனால் வேறுபாடு இல்லை என்றாகிவிடாது, ஆகவே அதுவும் இன்னும் தெரியவில்லை என்று மறுமொழி எழுதினோம்.